கோட்டின் மேல் ஒரு பெட்டி

குளம் என்று ஒரு பெட்டி போட்டேன்.
உள்ளே மூன்று வரி:
பெயர், கொள்ளளவு, கரையின் நீளம்.
மடை என்று இன்னொரு பெட்டி.
நடுவே கோடு,
கோட்டின் குளத்துப் பக்க நுனியில் கறுப்பு வைரம்.
குளம் போனால் மடையும் போகும் என்று பொருள்.

மைதீன் பாத்து எட்டிப் பார்த்தாள்.
"எங்க மச்சி வீட்டுக்குப் பின்னால வா, காட்டுதேன்.
குளம் போயி முப்பது வருசம்.
மடை மட்டும் நிக்குது.
அதுல உக்காந்துதான் டீ குடிக்காவ."

வைரத்தை வெள்ளையாக்கினேன்.

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே பரோட்டாக் கல்லில் கரண்டிச் சத்தம்.
ஆற்றிலிருந்து கால், காலிலிருந்து குளம்,
குளத்திலிருந்து வயல்.
கால் என்று எழுதினால் எந்தக் கால் என்பதையும் எழுத வேண்டும்:
நடப்பதா, ஓடுவதா, ஒன்றில் நாலில் ஒரு பங்கா.
ஓடுவது என்று குறித்தேன்.
அப்படியும் நடக்கிறவர்கள் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

வயலுக்குப் போகும் கோட்டின் நுனியில் '1' என்று போட்டேன்.
ஒரு வயலுக்கு ஒரே குளம்.
படத்தில் அது சின்ன எண்,
கொசு உட்கார்ந்த மாதிரி.
அதைத் தர்க்க மொழிக்கு மாற்றி,
பதினோராயிரம் சர்வே எண்களையும் கொடுத்து,
ராத்திரி முழுக்க அனுமானிக்க விட்டுப் போனோம்.

காலையில் பிழை எதுவும் இல்லை.
இரண்டு குளம் ஒன்றாகியிருந்தது.

214/3 புளியடிக்குளத்தில் குடிக்கிறது.
214/3 வெட்டுவான்குளத்திலும் குடிக்கிறது.
வயலுக்கு ஒரே குளம்.
ஆகவே புளியடிக்குளம்தான் வெட்டுவான்குளம்.

புரோகிராம் என்றால் சிவப்பில் கத்தியிருக்கும்.
இது கத்தவில்லை.
சொன்னதையெல்லாம் நம்பியது,
நம்பியதையெல்லாம் பொருத்திப் பார்த்தது.
இரண்டு பெயர் என்றால் இரண்டு பொருள் என்று
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
எனக்கே வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒன்று.

ஒரே குளத்துக்கு இப்போது இரண்டு நீளத்தில் கரை.
மேற்கே நின்ற இசக்கியம்மன் கிழக்கேயும் நின்றாள்.
இடையில் கிடந்த முக்கால் மைல்,
ரைஸ் மில், எட்டு வீடு, ஒரு செல்போன் டவர்
எல்லாம் எங்கே போய் நிற்கும்?

உதவிப் பொறியாளர் ஆவுடைத்தாய்க்குப் போன் போட்டேன்.
பின்னால் ஷட்டர் ஏற்றும் கிறீச்சொலி.
"ரெண்டும் சரிதான்மா.
காருக்கு அது, பிசானத்துக்கு இது.
வேற ஏதாவது உண்டா? வச்சிடட்டா?"

வைத்துவிட்டார்.

வயலில் பருவம் எழுத இடமில்லை.
குளத்திலும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே,
வெறும் கோடு என்று நான் இழுத்துவிட்ட இடத்தில்
அது இத்தனை நாள் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கோட்டின் நடுவிலிருந்து
புள்ளிபுள்ளியாய் ஒரு நூல் இறக்கினேன்.
நூலில் தொங்க ஒரு பெட்டி:
பாய்ச்சல்.
உள்ளே பருவம், முறைநாள், யாருக்கு முதல்.
பாய்ச்சலுக்கு ஒரு வயல், ஒரு குளம்.
அந்தக் கொசுவை இங்கே உட்காரவைத்தேன்.

இரவு மறுபடி ஓடியது.
குளங்கள் பிரிந்தன.
ரைஸ் மில்லுக்கு இடம் கிடைத்தது.

388/1 மட்டும் எந்தப் பாய்ச்சலிலும் இல்லை.
பட்டா: சொரிமுத்து. போன் எண் இல்லை.

தண்ணீர் இல்லை என்று இயந்திரம் சொல்லவில்லை.
சொல்லப்படாததை இல்லை என்று அது எடுத்துக்கொள்ளாது.
வயலென்றால் குளம் உண்டு என்ற என் விதியைப் பிடித்துக்கொண்டு
388/1-க்கு எங்கோ ஒரு குளம் வைத்திருக்கிறது,
பெயரில்லாமல், கொள்ளளவில்லாமல், கரையில்லாமல்.

"வறண்டதுன்னு போட்டுருவோமா?" என்றாள் பாத்து.
விரலை எடுக்கச் சொன்னேன்.

கீழே கல் ஆறிவிட்டது.
ஆவுடைத்தாய் ஒன்பது மணிக்கு முன்னால்
போன் எடுக்கமாட்டார்.